வெர்னியர் ஐ.பி. கொடுத்த கதை

அளந்து பார்க்காமல் எதையுமே நம்பாத மனிதர் சென்னையில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் கொரட்டூர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கிறார். சட்டைப்பையில் எப்போதும் வெர்னியர் அளவுகோல். பெயரும் அதுவே ஆகிவிட்டது. டீக்கடை வடையை அளந்து, நேற்றையதைவிட மூன்று மில்லி குறைச்சல் என்று சொல்லிவிட்டு அடிவாங்காமல் திரும்பியவர்.

பக்கத்து ஏரியாவான பாடியில் வைத்திருந்த லேத் பட்டறை நொடித்துப்போய்க் கடன்காரர்கள் வாசலுக்கு வந்ததும், ஐ.பி. கொடுப்பதென்று முடிவெடுத்தார். கோர்ட்டில் திவால் மனு போடுவதற்கு முன்னால் வீட்டிலிருப்பதைப் பதுக்கிவிட வேண்டும் என்று யாரோ ஓதிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான்கள் படியேறத் தொடங்கின. லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. ஃப்ரிட்ஜ், குக்கர், பாய், தலையணை எல்லாம் மூன்றாவது மாடியில் என் வீட்டுக்கு. கருவிகள் அடங்கிய இரும்புப் பெட்டி என் கட்டிலுக்கடியில். அது கையிலிருந்தால்தான் நாளைக்கு யார் பட்டறையிலாவது நின்று பிழைக்க முடியும் என்றார். வாரம் முழுக்க ஆபீஸ் நாற்காலியில் தேய்ந்த முதுகு எனக்கு. அன்றோடு அது விடைபெற்றது.

பிறகு தினமும் வந்து, தன் ஃப்ரிட்ஜிலிருந்து ஜில் தண்ணீர் குடித்துவிட்டு, கதவு ரப்பரையும் அளந்துவிட்டுப் போவார்.

அடுத்த வாரம் அம்பத்தூர் வக்கீலம்மாவிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பதுக்கிய பெருமையை அவர் சொல்லச் சொல்ல, வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். ஒளித்தது தெரிந்தால் மனுவே போய்விடும் என்றார்.

“சமையல் பாத்திரம், படுக்கை, சம்சாரத்தோட தாலி, நீங்க கையால வேலை செய்யற கருவி, இதையெல்லாம் சட்டமே தொடாதுங்க. இதுல எதை ஒளிச்சீங்க?”

“தாலி ஒண்ணுதாம்மா வெளில கீது.”

ஆக, எல்லாம் மறுபடி கீழே. பெட்டியை இறக்கிவைத்து, சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் திறக்கவே இல்லை. சொத்துப் பட்டியலையும் நான்தான் லேப்டாப்பில் அடித்தேன். ஓட்டைக் குடையின் கம்பி கனம்வரை மில்லிமீட்டரில் சொன்னார். பதினோரு பக்கம்.

கோர்ட்டிலிருந்து வந்த அதிகாரி நான்காம் பக்கத்திலேயே களைத்துவிட்டார். டி.வி., ஃப்ரிட்ஜ், ஸ்கூட்டர் எல்லாம் போகும் என்று குறித்துக்கொண்டார். அப்புறம் பெட்டி கண்ணில் பட்டது. பட்டறையே இல்லாதவருக்குக் கருவி எதற்கு என்று கேட்டார். வடைக்கே அவ்வளவு வாயாடியவர், அன்று மெதுவாகத்தான் பேசினார்.

“பட்டறதான் சார் பூட்ச்சு. கை இங்கதான் கீது.”

அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார். எந்தச் சோப்புக்கும் போகாத எண்ணெய்க் கறுப்பு அதில். பெட்டியை விட்டுவிட்டார்.

இப்போது பாடியிலேயே வேறொருவர் பட்டறையில் அந்தப் பெட்டியோடு வேலைக்குப் போகிறார். ஜில் தண்ணீருக்கு இன்னும் என் வீடுதான். என் ஃப்ரிட்ஜ் ரப்பர் சரியில்லையாம். நேற்று கேட்டேவிட்டேன், எல்லாவற்றையும் அளக்கிறவர் அன்று பெட்டியை ஏன் திறந்து பார்க்கவில்லை என்று.

“உன் ஊட்ல வெச்சத இன்னாத்துக்கு நைனா பாக்கறது?”

முதுகுவலி இன்னும் தீரவில்லை. ஆனாலும் நாளைக்கே அவர் பெட்டியோடு கீழே நின்றால், மூன்று மாடியும் நானே தூக்கிக்கொண்டு ஏறுவேன்.