இரண்டாம் பாகமும் அண்ணனின் மரண அறிவித்தலும்

உயிரோடும் நல்ல பசியோடும் இருந்த என் அண்ணனுக்கு மரண அறிவித்தல் எழுதியவள் நான். எழுதியதோடு நிற்கவில்லை, வடிவமைத்து, எழுத்துப்பிழை பார்த்து, அனுப்பியும் வைத்தேன். அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இருக்கவில்லை என்பதை இன்றும் பெருமையோடு சொல்வேன். (பெருமைப்பட அதில் வேறெதுவும் இல்லை.)

மென்பொருள் சோதிப்பது என் தொழில். மற்றவர்கள் பாடுபட்டு எழுதியதில் என்னென்ன பிழை என்று நாள் முழுக்க இலக்கமிட்டு எழுதுவேன். சம்பளம் தந்து வளர்த்துவிட்ட பழக்கம் என்பதால் வீட்டுக்கு வந்தும் நிற்பாட்ட முடிவதில்லை. அம்மாவின் கத்தரிக்காய்க் குழம்புக்கு ஒருமுறை ஐந்து குறிப்புகள் எழுதிக் கொடுத்து, அம்மா சமைத்துத் தராமல் ஒரு கிழமை கடைப் பாணும் சம்பலும் சாப்பிட்டிருக்கிறேன்.

அண்ணன் கபிலன் வேறு வார்ப்பு. சுன்னாகத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின்கள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வரும் ஒவ்வொரு மிசினையும் சந்தேகப்படுவான். திரையில் வரும் எதையும் சந்தேகப்பட மாட்டான். ‘நிழற்கோள்’ என்ற விண்வெளிப் படத்தின் முதற்பாகத்தை ஆறு தடவை பார்த்தவன். அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் கதாநாயகன் விண்கலத்தோடு சூரியனுக்குள் விழுவான். நாலு வருடம் கழித்து இரண்டாம் பாகம் வருகிறது, அவனே மீண்டும் வருகிறான் என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை.

நான் பதினேழு சந்தேகங்கள் எழுதினேன். முதலாவதை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

“சூரியனுக்குள்ளை விழுந்தவன் எப்பிடி அண்ணை திரும்பி வாறது?”

“வருவான்.”

“வெளிப்பக்கத்திலையே ஐயாயிரம் பாகைக்கு மேலை சூடு.”

“நீ ஆளை அறியாய்.”

“அறிய என்ன கிடக்கு? சாம்பல்.”

“உனக்கு வாயிலை நல்லதே வராதோ? வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு என்னோடை வா. ஆனா போனை என்னட்டைத் தரவேணும். நீ படத்தைப் பாக்காமல் குறிப்பு எழுதிக்கொண்டு இருப்பாய்.”

ஒப்புக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரியாலையில் அண்ணனுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர் சிந்துஜா. சாதகம் பொருந்தியிருந்தது. கோயிலில் வைத்து ஒருமுறை, ஒரு கால்மணி நேரம் பார்த்தான். வீட்டுக்கு வந்து கேட்காமலே அயல்வீட்டு மிசினை இலவசமாகத் திருத்திக் கொடுத்தான். அதிலிருந்து ஆள் கவிழ்ந்துவிட்டது தெரிந்தது. பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். “ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு முடிவு சொல்லுறன்” என்று சொல்லியிருந்தார். அண்ணன் வாயில் படம் இருந்ததே தவிர, மனதில் இருந்தது ஞாயிற்றுக்கிழமைதான். சோற்றைப் பிசைந்தபடி அப்படியே இருப்பான். அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னா: “ஞாயிறு வரைக்கும் ஒரு குழப்படியும் இல்லாமல் இருங்கோ. கேட்டிட்டன், அவ்வளவுதான்.”

நான் குழப்படி செய்யவில்லை. ஒரு பகிடிதான் செய்தேன்.

எங்கள் ஊரில் ஒருவர் காலமானால் அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே படம், பக்கத்தில் குத்துவிளக்கு. பிறப்பிடம், வதிவிடம். பிறகு இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு மைத்துனரும் என்று நீளும் உறவுப் பட்டியல். பட்டியல் என்றால் என் கை சும்மா இருக்காது. வியாழன் மதியம், அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் இப்படி எழுதினேன்:

‘மரண அறிவித்தல். சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும், திரையரங்கின் முன்வரிசையை வதிவிடமாகவும் கொண்ட திரு. கபிலன் அவர்கள், இரண்டாம் பாகத்தின் இடைவேளையில் நம்பிக்கை இழந்து காலமாவார். அன்னார் முதற்பாகத்தின் அன்பு அபிமானியும், டீசரின் பாசமிகு தகப்பனும், ட்ரெய்லரின் ஆசைப் பேரனும், எண்ணற்ற வதந்திகளின் மைத்துனரும் ஆவார். எஞ்சியுள்ள எதிர்பார்ப்பு இரண்டாம் பாதியில் தகனம் செய்யப்படும். தகவல்: தங்கச்சி.’

படத்துக்கு அலைந்தேன். அண்ணன் பொத்தான் பூட்டிய சட்டையோடு இருக்கும் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பெண்வீட்டுக்குக் கொடுக்க ஸ்டூடியோவில் எடுத்தது. அதையே வைத்தேன்.

வெள்ளி காலை திரையரங்கு வாசலில் வரிசையில் நின்றபடி, அண்ணன் விளையாடும் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அதை அனுப்பினேன். பெடியள் இரண்டு நாளுக்கு அவனைப் பகிடி பண்ணுவார்கள், அவ்வளவுதான் திட்டம். அனுப்பிவிட்டுப் போனை நிற்பாட்டி அண்ணனிடம் கொடுத்தேன். அவன் தன்னுடையதையும் நிற்பாட்டி, இரண்டையும் பைக்குள் போட்டான்.

ஒன்றை வெளியிடும் முன் அது அடுத்தவர் போனில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். என் தொழிலின் முதற்பாடம் அது. புதிதாக வருபவர்களுக்கு நான்தான் படிப்பிப்பேன். அன்று நான் பார்க்கவில்லை. அறிவித்தல் நீளமான படம் என்பதால், திறந்து பார்க்காதவர்களுக்கு மேற்பாதி மட்டுமே தெரிந்திருக்கிறது. மரண அறிவித்தல், குத்துவிளக்கு, அண்ணனின் முகம், ‘சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும்’. பகிடி முழுக்கக் கீழ்ப்பாதியில்.

கழகச் செயலாளர் திறந்து பார்க்கவில்லை. ஊரில் ஒரு சாவு என்றால் கழகம் உடனே கதிரைகளையும் பந்தலையும் கொண்டுபோய் இறக்கும். அது அவர்களின் வழக்கம். அவர் முதலில் கதிரைகளை ஏற்றினார், பிறகு அறிவித்தலை ஊர்ச் செய்திக் குழுவுக்கு அனுப்பினார். அங்கிருந்து அது கனடா போய், லண்டன் போய், அரியாலைக்கு வந்தது.

நாங்கள் இருட்டுக்குள் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினேழு சந்தேகத்தில் பதினாறு சரியாக வந்தது. வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்டது, மிதக்க வேண்டியவர்கள் நடந்தார்கள். ஆனால் கதாநாயகன் சூரியனைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்து, கிழடாகிப்போன தன் தங்கச்சிக்கு முன் நின்ற காட்சியில், நான் விக்கி விக்கி அழுதேன். பின்வரிசைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன். அண்ணன் கைக்குட்டையை நீட்டினான். என் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானம் இதுதான் என்று அந்த இருட்டில் நினைத்தேன்.

அதே நேரம் வீட்டில் நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு மலர் அக்கா. படலையைத் திறக்கும்போதே “ஐயோ, என்ரை ராசா!” என்று கத்தியபடி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தா. மலர் அக்காவின் வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று அம்மா நினைத்தா. அதனால் அவவும் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினா. ஒருவருக்காக மற்றவர் அழுதபடி பத்து நிமிடம் போயிருக்கிறது. மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அம்மா கேட்டா: “ஆரடி? உன்ரை மனுசனோ?”

மலர் அக்கா போனை நீட்டினா. அம்மாவுக்கு ஒரு கணம் உலகம் நின்றுவிட்டதாம். (இந்த இடத்துக்கு வரும்போது மட்டும் அம்மா இன்றுவரை சிரிப்பதில்லை.) பிறகு கண்ணாடியைப் போட்டு, படத்தைத் திறந்து, கடைசிவரி வரை வாசித்தா.

“உவள் வரட்டும்” என்றா.

ஆனால் அதற்குள் முற்றத்தில் அறுபது கதிரை. அம்மா எல்லாருக்கும் சொல்லிப் பார்த்தா: “அவன் படம் பாக்கப் போனவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவான்.” பெண்கள் இன்னும் கூட அழுதார்களாம். “பாவி, வருவான் எண்டெல்லோ இருக்கிறா. ஆராவது கொஞ்சம் தண்ணி குடுங்கோ!” அம்மாவைப் பிடித்து இருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அப்பா தோட்டத்தில் இறைத்துக்கொண்டு நின்றார். மிசின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. மண்வெட்டியோடு வந்தவர் முற்றத்தைப் பார்த்துவிட்டு, “என்ன, கூட்டமோ?” என்று கேட்டாராம்.

படம் முடிந்து வெளியில் வந்து போன்களைப் போட்டோம். எனக்கு ஐம்பத்தெட்டு தவறிய அழைப்புகள். அண்ணனின் போனில் அனுதாபச் செய்திகள். கனடாச் சித்தப்பா, ‘தம்பி, சொல்லாமல் கொள்ளாமல் போயிட்டியே’ என்று அண்ணனுக்கே எழுதியிருந்தார். அண்ணன் வாசித்தான், திரும்ப வாசித்தான்.

“நான் செத்திட்டனோ?”

“அண்ணை, மோட்டார்சைக்கிளை எடுங்கோ. கெதியா.”

படலைக்குள் நுழைந்தபோது பின் கதிரையில் இருந்த கிழவர் ஒருவர் எழுந்து ஓடினார். பெண்கள் வீரிட்டார்கள். கழகப் பெடியள் மட்டும், கதாநாயகனின் வருகைக்கு அடிப்பதுபோல, வாயில் விரல் வைத்து விசிலடித்தார்கள்.

முன்வரிசைக் கதிரையில், வெள்ளை வேட்டி சால்வையோடு, பெண்ணின் தகப்பன் அரியாலை ஐயா இருந்தார்.

“நீர்தான் கபிலனோ?”

“ஓம் ஐயா.”

“உயிரோடை இருக்கிறீரோ?”

“ஓம் ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அண்ணனின் முகம் அறிவித்தலில் இருந்ததைவிட மோசமாக வெளிறிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. நிதானமாக விளக்கினால் காப்பாற்றலாம் என்று முன்னால் போனேன். (நிதானம் எனக்கு எப்போதும் தேவையில்லாத நேரத்தில்தான் வரும்.)

“ஐயா, மூண்டு விசயம் சொல்லவேணும். முதலாவது...”

“பிள்ளை, அந்த ‘தகவல்: தங்கச்சி’ நீரோ?”

“ஓம்.”

“அப்ப காணும், விளக்கம் வேண்டாம்.”

அவர் எழுந்து விறாந்தைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அம்மாவுக்குப் பக்கத்தில், கண்ணெல்லாம் வீங்கி, சிந்துஜா இருந்தா. அரியாலையிலிருந்து ஓட்டோவில் வழிநெடுக அழுதபடி வந்திருக்கிறா. கட்டப்போகும் பெண் என்று கேள்விப்பட்ட ஊர்ப்பெண்கள் அவவை நடுவில் இருத்தி, தலையைத் தடவி, சேர்ந்து அழுதிருக்கிறார்கள்.

“உண்மையைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை வந்து வேண்டாம் எண்டு சொல்லுற யோசினையிலைதான் இருந்தனான்” என்றார் ஐயா. “இப்ப என்ரை பிள்ளை ஊர் பாக்க உம்மடை செத்தவீட்டிலை அழுதிட்டாள். இனி நான் ஆரிட்டைப் போய் வேறை மாப்பிள்ளை கேக்கிறது?”

அண்ணனுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. ஊருக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டாவது விசில் எழுந்தது.

சிந்துஜா மூக்கைத் துடைத்துக்கொண்டு அன்று முதன்முறையாக அண்ணனைப் பார்த்துக் கேட்டா: “படம் நல்லமோ?”

நாலு வருடம் காத்திருந்தவன், முதற்பாகத்தை ஆறு தடவை பார்த்தவன் சொன்னான்: “இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் இழுவை.”

“இல்லை, நல்ல படம்!” என்று நான் கத்தினேன். ஒருவரும் என்னைக் கணக்கெடுக்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தால் தலைக்குத் தோய்ந்து குளித்துவிட்டுத்தான் அவரவர் வீட்டுக்குள் போக வேண்டும். செத்தவர் உயிரோடு இருந்தால் தோய வேண்டுமா என்று எங்கள் கிணற்றடியில் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. முடிவாக எல்லாரும் தோய்ந்தார்கள். தண்ணீர் அள்ளிக் கொடுக்கும் வேலையை அம்மா என்னிடம் தந்தா. அறுபது பேர்.

அடுத்து வந்த தை மாதத்தில் கலியாணம் நடந்தது. அழைப்பிதழ் அச்சாகும்வரை என்னைக் கணினிக்குக் கிட்ட விடவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளுக்கு அண்ணி வடை பாயாசத்தோடு சமைத்து, அந்த ஸ்டூடியோப் படத்துக்கு முன் இலை போட்டு, அண்ணனின் ஆட்டைத் திவசம் கொண்டாடுவா. படைத்ததை அண்ணனே இருந்து சாப்பிடுவான். வடை காணாது, இன்னும் வேணும் என்று கேட்டும் வாங்குவான்.

போன கிழமை மூன்றாம் பாகத்தை அறிவித்தார்கள். அன்று பின்னேரமே, இப்போது அரியாலை மாமா ஆகிவிட்ட ஐயாவிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. குரலில் ஒரு துளி சிரிப்பும் இல்லை.

“பிள்ளை, எந்த வெள்ளிக்கிழமை எண்டு முதலே சொல்லிவிடும். வேட்டி தோய்ச்சு வைக்கவேணும்.”