பைகளுக்காகப் போட்ட சட்டைகள்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல் என்று அடுத்து எழுத வேண்டும். ஆனால் திங்கட்கிழமை வந்த கடிதத்தைப் பார்த்தாலே தாங்கள் நல்ல உடல்பலத்தோடு இருப்பது தெரிகிறது. இரண்டு இடங்களில் பேனா தாளைத் துளைத்திருக்கிறது.

அதில் என்மீது மூன்று குற்றங்கள் சாட்டியிருக்கிறீர்கள். இந்த வயதில் நான் வங்கி வாசலில் காவல் வேலை பார்க்கிறேன். எதிர்வீட்டுப் பல் டாக்டர் கழித்துப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அவரிடமே இலவச வைத்தியம் பெற்றேன். தங்கள் தங்கை தெருவில் கந்தல் மூட்டை சுமக்கிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து அவளை அழைத்துப் போவதாக முடித்திருக்கிறீர்கள். மூன்றுமே நடந்தவைதான். ஆனால் தாங்கள் நினைக்கிறபடி நடக்கவில்லை. நான் முப்பத்தாறு ஆண்டுகள் குடிநீர் வாரியத்தில் வரைபடம் வரைந்தவன். எதையும் தொடங்கிய இடத்திலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். பொறுத்தருள வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம் அவள் தையல் இயந்திரம் வாங்கினாள். இடைப்பட்ட நாட்களில் நான் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டி, அகரவரிசையில் அடுக்கி முடித்திருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று இதுவரை நான் கேட்டதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய துணிக்கடை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பிறர் போட்டுக் கழித்த பேண்ட், சட்டை, கோட்டு எல்லாம் வாங்கி வருவாள். துவைத்து, காயவைத்து, தையலைப் பிரித்து, வெட்டி, தோளில் மாட்டும் பைகளாகத் தைப்பாள். ஒரு பேண்ட்டுக்கு இரண்டு பை. உள்துணிக்கு ஒரு சட்டை. சாப்பாட்டு மேசையை இயந்திரம் எடுத்துக்கொண்டதால் நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். நாற்காலியில் உட்காருமுன் ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறோம். மற்றபடி குறையில்லை. "சும்மாதான உக்காந்திருக்கீங்க, இதப் பிரிங்க" என்று அவள் ஒரு பேண்ட்டை என் மடியில் போட்ட நாளிலிருந்து நானும் உத்தியோகத்தில் இருக்கிறேன். முதல் பைக்கு நான் மேல்தோற்றம், முன்தோற்றம், குறுக்குவெட்டு மூன்றும் வரைந்து கொடுத்தேன். அவள் அந்தப் படத்தின் மேலேயே துணியை விரித்து, படத்தைப் பாராமல் வெட்டினாள். பை நன்றாகத்தான் வந்தது.

வினை வந்தது மருந்துக்கடை அம்மாளின் பையால். அதன் அடித்துண்டு ஒரு பேண்ட்டின் பின்பக்கத்திலிருந்து வெட்டியது. யாரோ ஒருவர் பல வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்த இடம், பார்வைக்குத் தெரியாது. அந்த அம்மாள் மாடிப்படியில் ஏறும்போது அடி விட்டுப்போய், மூன்று கிலோ உருளைக்கிழங்கும் கீழ்த்தளம்வரை இறங்கிப் போயின. பையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தங்கள் தங்கை இரண்டு நாள் இயந்திரத்தின் பக்கம் போகவில்லை. வீடு மிகவும் அமைதியாக இருந்தது. அந்த அமைதி தாங்காமல்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். துணி எங்கே நைந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, போட்டவன் உடம்புக்குத் தெரியும். ஆகவே வெட்டும் முன் ஒவ்வொன்றையும் நான் ஒருநாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நடக்கிறேன், குனிகிறேன், கையைத் தூக்குகிறேன். எங்கே துணி முனகுகிறதோ அங்கே தையல் சாக்கட்டியால் கோடு போடுகிறேன் என்றேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்றாள். அது உண்மையாகவே இருந்ததால் நாங்கள் அப்படியே செய்யத் தொடங்கினோம். அதற்குப் பிறகு ஒரு பைகூடக் கிழியவில்லை. என் வாழ்நாளில் நான் கண்டுபிடித்தது இந்த ஒன்றுதான். இதையும் யாராவது முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன் என்பது வங்கியில்தான் புரிந்தது. அன்றைய முறை, தோளில் பட்டி வைத்த நீலச் சட்டைக்கு. அது ஒரு காவலாளியின் சட்டை என்பதை நான் யோசிக்கவில்லை. துணி கெட்டி என்பதை மட்டும் பார்த்தேன். ஓய்வூதிய விஷயமாக வங்கிக்குப் போனபோது, இரண்டு கையிலும் சுமையோடு ஒரு பெண் வந்து "கதவத் திறங்க" என்றார். திறந்தேன். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். ஒருவருக்குத் திறந்துவிட்டு அடுத்தவர் முகத்தில் எப்படி மூடுவது? இப்படியே இருபது பேர் ஆனார்கள். அதற்குள் உண்மையான காவலாளி வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "புதுசா? கம்பெனில அனுப்புனாங்களா?" என்று கேட்டார். நான் பதிலை மனதுக்குள் கோத்துக்கொண்டிருக்கையில் "அப்ப நான் சாப்பிட்டு வந்துடறேன் பெரியவரே" என்று போயே போய்விட்டார். பிறகு நான் எப்படிக் கதவை அநாதையாக விட்டுவிட்டு வருவது? ஒரு மணி பத்து நிமிடம் நின்றேன். மேலாளர் வெளியே வந்து, நாளையிலிருந்து தொப்பியும் போட்டு வரும்படி சொன்னார். அப்போதுதான் பல் டாக்டரின் மனைவி உள்ளே நுழைந்தார். நான் வணக்கம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வலது அக்குளில் துணி பலவீனம் என்று அன்று தெரிந்துகொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது பல். சட்டைகளிலிருந்து வெட்டிய கறுப்புப் பொத்தான்களை ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். அதற்கு அடுத்த டப்பா மிளகு. பெயர்ச்சீட்டை நான் டப்பாவில் ஒட்டாமல் மூடியில் ஒட்டியிருந்தேன். மூடிகள் இடம் மாறும் என்பதை ஒரு பொறியியல் அலுவலகத்தில் இருந்தவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். மிளகென்று பொங்கலில் விழுந்த பொத்தான் வெந்தும் பதமாகவில்லை, என் கடைவாய்ப் பல்தான் உடைந்தது. வலியில் அன்றைக்குச் சோதனைக்குப் போட்டிருந்த சட்டையை மாற்றத் தோன்றாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். டாக்டர் என் வாயைத் திறந்து, மரப்பு ஊசி போட்டு, பஞ்சு வைத்து, கம்பிகளை நுழைத்த பிறகுதான் என் மார்பைப் பார்த்தார். சட்டைப்பையின்மேல் தம் பெயரின் முதலெழுத்து தைத்திருப்பதைப் பார்த்தார். சாக்கட்டிக் கோடுகளையும் பார்த்தார். பிறகு மெதுவாக, "வருத்தப்படாதீங்க சார். எல்லாருக்கும் ஒரு காலம் இப்படி வரும். வீட்டுல இன்னும் ரெண்டு இருக்கு, குடுத்தனுப்பறேன்" என்றார். வாய் அவ்வளவு பெரிதாகத் திறந்திருந்தும் அந்த நிமிடத்தில் நான் வாயில்லாப் பூச்சி. எழுந்த பிறகும் உதடு மரத்திருந்ததால், பை, சோதனை, அடித்துண்டு என்று நான் விளக்கியது அவருக்கு விம்மலாகக் கேட்டிருக்கிறது. கட்டணம் வாங்க மறுத்து, வாசல்வரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்.

அவர் மனைவியும் தங்கள் வீட்டம்மாவும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள் என்பது அப்போது என் நினைவில் இல்லை. மூட்டையைப் பொறுத்தவரை, தூக்கப் போனது நான்தான். எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று அவள்தான் வழியில் பிடுங்கிக்கொண்டாள். இதையும் டாக்டரின் மனைவி தங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இனி முக்கியமான விஷயம். தங்கள் கடிதத்தை நான் இன்னும் அவளிடம் காட்டவில்லை. நான்கு நாட்களாக என் வரைபலகைக்கு அடியில் இருக்கிறது. அவள் கோபப்படுவாள் என்பதற்காக அல்ல. 'சரி, போறேன்' என்று சொல்லிவிடுவாளோ என்பதற்காக. நாற்பத்தொரு வருடமாக அவளுக்கு இங்கே திருப்திதானா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். இயந்திரம் நின்ற அந்த இரண்டு நாளில் இந்த வீடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆகையால் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அடுத்த மாதம் விருந்தாளியாக இரண்டு நாள் வந்து தங்குங்கள். அப்போது நான் என் சொந்தச் சட்டையில் இருப்பேன்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் உரித்தாகுக. வயது எனக்குச் சரியாகத் தெரியாதவர்களுக்கு இரண்டும்.

தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டதில் விஷயம் வெளிப்பட்டுவிட்டது. தங்கள் கடிதம், என் கடிதம் இரண்டையும் அவள் இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே வாசித்தாள். "இதுக்குத்தான் நாலு நாளா முழிச்சிக்கிட்டுத் திரிஞ்சீங்களா?" என்றாள். பிறகு, "அண்ணன வரச் சொல்லுங்க. சின்ன வண்டி பத்தாது" என்றாள். தங்கள் ஊரில் பழைய துணி பொதி பொதியாக வந்து இறங்கும் கிடங்கு இருக்கிறதாம். ஒரு வருடமாகவே போக நினைத்து, வண்டிதான் வாய்க்கவில்லையாம். ஒரு மாதம் தங்குவாளாம். ஒருவருக்கா, இருவருக்கா இடம் சொல்ல வேண்டும் என்று அலுவலகக் குரலில் கேட்டேன். அவள் திரும்பாமலே, "நான் வெட்டுறதுக்கு முன்ன யாரு போட்டுப் பாக்குறது? எங்க அண்ணனா?" என்றாள்.

ஆகவே மேலே கண்ட அனைத்தையும் ரத்து செய்து ஞாயிறு காலையே வந்து சேரவும். தங்கள் அலமாரியில் போடாத கோட்டு மூன்று தொங்குவதாக அவளுக்கு ஞாபகம். பூட்டுவதானால் சனிக்கிழமையே பூட்டிவிடவும், நான் சொன்னதாக வேண்டாம். முன்னிருக்கையில் அவள் உட்காரட்டும். நான் பின்னால் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். வழியில் அது ஆடக்கூடாதாம்.