கேரேஜை மீட்கப் போனேன்

இந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள என் கேரேஜை மீட்டே தீருவேன்னு சபதம் எடுத்தேன். சும்மா இல்ல. முழங்கால் பனியில நின்னு, கையில சுரண்டியோட எடுத்த சபதம்.

என் வேலை பனி தள்ளுறது. கவுண்ட்டி, அதாவது ஜில்லா ஆபீசு லாரி. ஸ்பேனிஷ் ஃபோர்க் ஊரு முழிக்கிறதுக்குள்ள ரோட்டையெல்லாம் வழிச்சு வெச்சிருவேன். ஆனா அந்த வேலைக்குக் கிளம்பணும்னா முதல்ல என் சொந்த வண்டி மேல இருக்கற பனியைச் சுரண்டணும். ஏன்னா வண்டி வாசல்ல நிக்குது. கேரேஜுல ரோலீனோட பெட்டிங்க நிக்குது.

ரோலீன் என் சம்சாரம். வாசனை எண்ணெய் விக்கிறா. அதாவது, விக்கறதுக்காக வாங்கறா. இதுவரைக்கும் அந்த வாங்கற பாதி மட்டும் ஒழுங்கா நடக்குது. முட்டி வலின்னா லாவெண்டர். தலைவலின்னா புதினா. ஒருநாள் வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு எலுமிச்சையை எடுத்துட்டு வந்தா.

அன்னிக்கு அடுப்பங்கரையில மெதுவா ஆரம்பிச்சேன்.

"ரோலீன், ஒரு சந்தேகம். உன்னை இதுல சேர்த்துவிட்டது யாரு?"

"பக்கத்து வீட்டு சிஸ்டர் மார்வா." எங்க சர்ச்சுல எல்லாருமே சிஸ்டர், பிரதர்தான்.

"அவங்களை?"

"அவங்க நாத்தனாரு."

"நாத்தனாரை?"

"புரோவோவுல ஒரு அம்மா. பெரிய வீடு. நீச்சல் குளம்லாம் இருக்கு."

"அந்தக் குளத்துக்குத் தண்ணி ஊத்துறது யாரு? நீதானே?"

"ஓஹோ! உங்க கவுண்ட்டில உனக்கு மேல மேஸ்திரி இல்லையா? மேஸ்திரிக்கு மேல சூப்பர்வைசர் இல்லையா? அவரு வீட்டுல குளம் இல்லையா?"

"இருக்கு. ஆனா நான் பனியைக் காசு குடுத்து வாங்கித் தள்ளலையே!"

ரோலீன் கையில இருந்த கரண்டியைக் கீழ வெச்சா. எங்க கல்யாண வாழ்க்கையில நான் சொன்னது எடுபட்டது இது முதல் தடவை. ரசிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் சிரிச்சா. அங்கயே நான் உஷாராயிருக்கணும்.

"சரி ராசா. இது நியாயமா இல்லையான்னு எனக்கும்தான் தெரியணும். தெருவுல எல்லா வீட்டுலயும் யாராவது இந்த மாதிரி ஆள் சேர்க்கற கம்பெனி ஏதாவதுல இருக்காங்க. போய்க் கேளு. 'எனக்கு நடந்தது நியாயமில்ல'ன்னு ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, வாயைத் தொறந்து சொல்லட்டும். இங்க கூட்டிட்டு வா. மறுநாளே எண்ணெய்ப் பெட்டியெல்லாம் காலி."

"ஆள் கிடைக்கலன்னா?"

"சுரண்டிக்கிட்டே இரு."

கிளம்பினேன். முதல்ல எதிர்வீட்டு பிரதர் வெர்ல். அவரு கேரேஜுல வைட்டமின் மாத்திரை கூரை வரைக்கும் நிக்குது. அவரு வண்டி மேலயும் பனி.

"நியாயமான்னா கேக்கற?" தெருவை ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டாரு. "டெல்வின், என்னைச் சேர்த்துவிட்டது என் மாமியாரு. நியாயமில்லன்னு சொல்லிட்டு கிறிஸ்துமஸ் விருந்துக்கு நான் எங்க போறது?" பெருமூச்சு விட்டாரு. "ஒரு பாட்டில் எடுத்துக்கோ. மூட்டுக்கு நல்லது."

சிஸ்டர் மார்வா இன்னும் மோசம். "எனக்குக் கீழ இருக்கறது உன் சம்சாரம்! நியாயமில்லன்னு நானே சொன்னா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பக்கத்துல எந்த மூஞ்சியோட உக்கார்றது?" கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. ஒரு சோப்பையும் வித்துட்டாங்க.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. போன காசைப் பத்தி யாரு வேணும்னாலும் புலம்பிடலாம். யார் கைக்குப் போச்சுன்னு எப்படிச் சொல்றது? அது அத்தை கை. மச்சான் கை. நமக்குக் குழந்தை பொறந்தப்போ சாப்பாடு கொண்டுவந்து குடுத்த கை.

சாயங்காலம் சாயங்காலம் சோப்பு, மாத்திரை, மூங்கில் நாருல செஞ்ச சாக்ஸோட வீடு திரும்புவேன். ரோலீன் ஆவலா பக்கத்துல உக்காருவா.

"யாரு என்ன சொன்னாங்க? பெருமூச்சு விட்டாரா? எவ்வளவு நீளமா? யாரு அழுதாங்க?"

என் நாள் எப்படிப் போச்சுன்னு இவ இவ்வளவு அக்கறையா கேட்டதே இல்ல. உச்சி குளிர்ந்து ஒண்ணு விடாம சொன்னேன்.

கடைசியில கிடைச்சான் ஆர்லோ. தெருமுனை வீடு. நான் கேள்வியை முடிக்கல.

"நியாயமா? யோவ், நியாயமாவா? என் சொந்த அண்ணன் சேர்த்துவிட்டான்யா! மேல ஏறணும்னா மாசாமாசம் சரக்கு விக்கணும். விக்கல. அதனால நானே வாங்கினேன். சத்து மாவு! என் நாய் கூட மோந்து பாத்துட்டு எழுந்து போயிடுச்சு. யாராவது ஒருத்தன் இந்தக் கேள்வியைக் கேக்க மாட்டானான்னு காத்துக்கிட்டு இருந்தேன்யா!"

கட்டிப் பிடிச்சேன். கையோட வீட்டுக்கு இழுத்துட்டு வந்தேன்.

ரோலீன் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு ஒரு தட்டு சுட்டு வெச்சிருந்தா. எங்க பக்கத்துல துக்க வீட்டுக்குப் பண்றது. பேரே சாவு வீட்டு உருளைக்கிழங்கு. அவ எண்ணெய் வியாபாரத்துக்குத்தான் சாவுன்னு நெனச்சு ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்.

ஆர்லோ எல்லாத்தையும் கொட்டினான். அவன் அழுதான். ரோலீனும் அழுதா. நான் சாப்பிட்டேன்.

"டெல்வின், நீ சொன்னதுதான் சரி," மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னா. "இது நியாயமே இல்ல."

மறுநாள் எண்ணெயெல்லாம் போயிடுச்சு. என் வண்டி கேரேஜுக்குள்ள நுழைஞ்சுது. எஞ்சினை அணைச்சுட்டு உள்ளயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். மகாராஜா மாதிரி.

அந்த சனிக்கிழமை வேலை முடிஞ்சு வந்து கேரேஜ் பட்டனை அழுத்தினேன். கதவு மேல போச்சு. உள்ள வண்டி நிறுத்த இடமில்ல. சர்ச்சு மடக்கு நாற்காலிங்க. நாற்காலி நிறைய ஆளுங்க. வெர்ல் இருந்தாரு. மார்வா இருந்தாங்க. நான் யாரு யாரு பெருமூச்சு விட்டாங்கன்னு சொன்னேனோ, அத்தனை பேரும் இருந்தாங்க. "என் மாமியாருகிட்ட சொல்லிடாத," வெர்ல் என் காதுல கிசுகிசுத்தாரு. மாமியாரு பின்வரிசையில உக்காந்திருந்தாங்க.

முன்னாடி ஆர்லோ, மைக்கோட.

"ரோலீன், என்ன இது?"

"ஆறுதல் வகுப்பு ராசா. இந்த மாதிரி கம்பெனியில அடிபட்டவங்களுக்கு. ஒரு கையேடு, ஒரு மெழுகுவர்த்தி, அழுதா தொடைக்க ஒரு துண்டு, எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி. பெட்டியை வாங்கணும். தன்னை மாதிரியே அடிபட்ட ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரணும். மனசு ஆறிடும்."

"கமிஷன் வருமா?"

"பாத்தியா, உனக்கே புரியுது!"

நாற்காலிக்குப் பின்னாடி பாத்தேன். பெட்டிங்க. கூரை வரைக்கும்.

"அடியே, இது நியாயமா?"

"எண்ணெய் வேணும்ங்கற ஆளை நான் தெருத்தெருவா தேடினேன், கிடைக்கல. நியாயமில்லங்கற ஆளு வீட்டுக்கு வீடு இருக்கான். அதைக் கண்டுபிடிச்சுக் குடுத்தது நீதானே?" என் கோட்டுல ஒரு பேட்ஜைக் குத்தினா. "ஆர்லோவைக் கூட்டிட்டு வந்ததும் நீதான். அதனால அவன் உனக்குக் கீழ."

கோவம் பாதி இறங்கிடுச்சு. கவுண்ட்டியில இத்தனை வருஷம் ஓட்டியும் எனக்குக் கீழ ஒரு ஆளு இருந்ததில்ல.

"அப்போ எனக்கு மேல யாரு?"

ரோலீன் வாசல்ல பனி மூடிக்கிட்டிருந்த என் வண்டியை எட்டிப் பாத்துட்டு, சுரண்டியை எடுத்து என் கையில குடுத்தா.