மூச்சு வாங்க வாங்க

அந்தத் தெருவில் மூச்சுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. இல்லாவிட்டால் பொழுது விடிந்ததும் அத்தனை பேர் வரிசையில் நின்று அதை விலைக்கு வாங்குவார்களா?

கட்டடத்தின் முகப்பில் பச்சை எழுத்தில் பெரிய பலகை: "இங்கே மூச்சு வாங்க வாங்க!" கீழ்த்தளத்தில் மருந்துக்கடை. அதற்கு மேல் இரண்டு மாடியிலும் ஒரு கணக்கர் அலுவலகம். அதற்கும் மேலே, ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் நடனப் பள்ளி. நாலாவது மாடியில் சுவாசச் செல்வர். நடனப் பள்ளியைப் பூட்டவைத்த புண்ணியவான் அவர்தான்.

செல்வரின் தத்துவம் எளிமையானது. எளிமையாக இருந்ததால்தான் விற்றது.

"பிறக்கும்போதே ஒவ்வொருத்தருக்கும் இத்தனை மூச்சுன்னு அளந்து அனுப்பியிருக்கு. நடந்தா செலவு. ஓடினா ஊதாரித்தனம். மாடி ஏறினா என்ன சொல்றோம்? மூச்சு வாங்குதுன்னு நாமளே சொல்றோம் இல்லையா? கையில இருப்பு இருக்கிறவன் எதுக்கய்யா வாங்கணும்? ஆமையைப் பாருங்க. எத்தனை வருஷம் வாழுது!"

ஆமைகூட நடக்கத்தானே செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டினால் மூச்சு செலவாகும் என்பதால் எல்லோரும் கண்களை மட்டும் படபடவென்று சிமிட்டிப் பாராட்டினார்கள்.

சிகிச்சையும் சுலபம். குளிரூட்டிய கூடத்தில் பாயை விரித்து அசையாமல் படுக்க வேண்டும். தலைக்கு ஒரு காற்றுத் தலையணை. உள்ளே இருப்பது செல்வரே தம் வாயால் ஊதிய மூச்சு. வாரம் ஒருமுறை பழைய மூச்சை இறக்கிவிட்டுப் புதிய மூச்சை ஏற்றிக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம். பெற்ற தகப்பன் கொட்டாவி விட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள், யாரோ ஊதிய காற்றைக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள்.

அப்படித் தூங்கியவர்களில் ஒருவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். கொம்பு விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடும் கண். ஆனால் படிப்பது அச்சுத்தாளாக இருக்க வேண்டும். மனிதராக இருந்தால் அந்தக் கண் தூங்கிவிடும்.

சில மாதங்களுக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்து மீண்டார். மருத்துவர் மாத்திரைகளோடு இன்னொன்றும் சொன்னார். "தினம் அரைமணி நேரம் நடங்க. மூச்சு கொஞ்சம் வேகமாகணும். பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது. அதுதான் அளவு."

மருத்துவர் சொன்னதற்குக் காசு கிடையாது, உடம்பு நோகும். செல்வர் சொன்னதற்குக் காசு உண்டு, உடம்பு நோகாது. இரண்டில் எது மெய் என்று பார்க்கிற மனிதர்கள் குறைவு. எதைப் படுத்துக்கொண்டே செய்யலாம் என்று பார்ப்பவர்கள்தான் ஊர் முழுக்க.

அவர் மனைவி பேருந்து நடத்துனர். நாள் முழுக்க ஓடும் வண்டியில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருப்பவள்.

"உன்னை நினைச்சாத்தான் எனக்குக் கவலை," என்றார் அவர் ஒருநாள் படுக்கையில் இருந்தபடியே. "இந்த நடை நடந்தா உன் இருப்பு என்னத்துக்கு ஆகும்?"

"என் இருப்பு இருக்கட்டும். பால் வாங்கிட்டு வாங்கன்னா வாசல்படியிலயே திணறுறீங்களே, அது எந்தச் சேமிப்பு?"

"அது பழைய கடன் தீருது. செல்வர் சொன்னார்."

"நடக்கிறவங்களுக்கு நடக்கிறப்ப மட்டும் நெஞ்சு வேகமா அடிக்கும், மிச்ச நேரமெல்லாம் நிதானமா அடிக்கும்னு டாக்டர் சொன்னாரே. கணக்குப் பாத்தாலும் மிச்சம் அவங்களுக்குத்தானே?"

"டாக்டருக்கு மூச்சைப் பத்தி என்ன தெரியும்?"

அவள் மாத்திரையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். மருத்துவமனையில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் அவள் இப்படித்தான் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். அதனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு 'ஆயுள் அறிவிப்பு விழா'. மூன்று மாதம் படுத்தவர்களுக்கெல்லாம் மிச்சம் இருக்கும் ஆயுளைச் செல்வர் அளந்து சொல்வார். குடும்பத்தோடு வரலாம். தானும் வருவதாக மனைவி சொன்னாள். அவருக்கு ஒரே பெருமை.

போய்ப் பார்த்தால் மின்தூக்கி வேலை செய்யவில்லை.

ஆயுள் சேமிப்பாளர்கள் அத்தனை பேரும் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார்கள். வேறு வழி? ஏறினார்கள். முதல் திருப்பத்தில் பாதிப் பேர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார்கள். இரண்டாவது திருப்பத்தில் படிக்கு ஒருவராக உட்கார்ந்துவிட்டார்கள்.

"படியில நிக்காதீங்க, உள்ளே நகருங்க," என்றாள் நடத்துனர், பழக்கதோஷத்தில்.

நடனப் பள்ளியின் பூட்டிய கதவுக்கு முன்னால் பிழை திருத்துபவரும் உட்கார்ந்தார். நெஞ்சு வலிக்கவில்லை. ஆனால் தொடை நடுங்கியது. காற்று உள்ளே போகும் வழியை மறந்துவிட்டதுபோல் வாய் திறந்து திறந்து மூடியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய மூச்சு சீராகப் போய்வருவது அவருக்குக் கேட்டது. ஊதாரியின் மூச்சு.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"ம்," என்றாள்.

அப்போது கீழிருந்து தடதடவென்று சத்தம். செல்வர் வந்தார். பட்டு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி, "வாங்க வாங்க, நேரமாச்சு," என்று சொல்லிக்கொண்டே மேலே போனார். குரலில் ஓர் இரைப்பும் இல்லை.

"இவர் நல்லாத்தான் சேத்து வெச்சிருக்கார்," என்றாள் அவள்.

ஒருவழியாகக் கூடம் நிரம்பியது. மேடையில் செல்வர் கையில் கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு சிவப்பு மணி. குழாய் நெடுகக் கோடுகள்: அறுபது, எழுபது, எண்பது என்று நூறு வரை. கீழ்முனையில் ஊத வேண்டும். மணி எங்கே போய் நிற்கிறதோ அதுதான் ஆயுள்.

"முதல்ல மூச்சைச் சேமிக்காத ஆள் ஒருத்தர் வாங்க. வித்தியாசம் தெரியட்டும்."

நடத்துனர் எழுந்து போனாள். செல்வர் குழாயைப் பிடித்துக்கொள்ள, கன்னம் உப்ப ஊதினாள். மணி அறுபதுக்குக் கீழேயே துடித்துவிட்டு விழுந்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது.

"பாத்தீங்களா? நடந்து நடந்தே அழிச்சுட்டாங்க. இப்ப வீட்டுக்காரர் வாங்க."

அவர் போனார். இரைப்பு இன்னும் அடங்கவில்லை. அரைகுறையாகத்தான் ஊதினார். மணி விர்ரென்று மேலே போய் நூறில் முட்டியது. கண்கள் படபடவென்று சிமிட்டின.

பிழை திருத்துபவர் மட்டும் சிமிட்டவில்லை. இத்தனை நாளில் முதல்முறையாக, எதிரே நடப்பதை ஓர் அச்சுத்தாளைப்போலப் பார்த்தார். வரி ஒன்று சொல்கிறது. பொருள் வேறாக இருக்கிறது. எங்கேயோ பிழை.

"செல்வரே, இப்பத்தான் படியில செத்துப் பிழைச்சு வந்தேன். நாலு மாடியும் பேசிக்கிட்டே ஏறினவ இவ. எனக்கு நூறு, இவளுக்கு அறுபதுகூட இல்லையா?"

"சேமிப்பு கண்ணுக்குத் தெரியாதுங்க."

"சரி. குழாயை நானே பிடிச்சுக்கிட்டு ஒருதரம் ஊதுறேன்."

"அது என் கையில இருந்தாத்தான் அளக்கும்."

"ஏன், உங்க ஆயுளையும் சேத்து அளக்குதா?" என்று கேட்டாள் மனைவி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்று மாதத்தில் அந்தக் கூடத்தில் கேட்ட முதல் சிரிப்பு. அது பரவியது. அந்தச் சிரிப்பில் செல்வர் ஒரு கணம் தடுமாற, பிழை திருத்துபவர் குழாயை வாங்கிக்கொண்டார்.

ஊதினார். மணி அசையவே இல்லை. திருப்பிப் பார்த்தார். பிடிக்கிற இடத்தில், கட்டைவிரல் பதிகிற பக்கமாக, ஒரு முற்றுப்புள்ளி அளவுக்கு ஓட்டை. அதை விரலால் அடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். நூறு. விரலை எடுத்தார். மணி தொப்பென்று விழுந்தது.

"நீ ஊது," என்று ஓட்டையை மூடி மனைவியிடம் நீட்டினார். அவள் ஊதிய ஊதலில் மணி நூறைத் தாண்டி, மேல்முனை மூடியைத் தள்ளிக்கொண்டு கூரைக்குப் பறந்து விளக்கில் பட்டுத் தெறித்தது.

அதற்குப் பிறகு மணியைப் பொறுக்கி உள்ளே போட்டு, ஆளாளுக்குக் குழாயைப் பிடுங்கி ஊதிப் பார்த்தார்கள். விரல் இருந்தால் ஆயுள், விரல் எடுத்தால் அற்பாயுள்.

செல்வர் பின் அறைக்குள் நழுவப் பார்த்தார். கதவைத் திறந்ததுதான் தப்பு, உள்ளே இருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒரு மூலையில் காலால் மிதித்துக் காற்றடிக்கும் பம்பு, சுற்றிலும் தலையணைக் குவியல். இன்னொரு மூலையில் ட்ரெட்மில். அதன் கைப்பிடியில் வியர்வை ஈரம் காயாத துண்டு.

"இதுல யாரு ஓடுறது?" என்றாள் நடத்துனர்.

செல்வர் படிப்பக்கம் பாய்ந்தார். தலையணைக்காரர்கள் படியில் இறங்கித் துரத்தினார்கள். பிடிக்க முடியுமா? அவர் தினமும் ஓடுகிறவர். இவர்கள் மூன்று மாதமாகப் படுத்தவர்கள்.

மறுநாள் முதல் பிழை திருத்துபவர் நடக்கத் தொடங்கினார். முதலில் தெருமுனை வரை. பிறகு பேருந்து நிறுத்தம் வரை. அடுத்த பரிசோதனையில் மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா நிதானமா இருக்கு," என்றார்.

"அப்ப நூறு வயசு இருப்பேனா டாக்டர்?"

"அப்படிச் சொல்றவன் யாரா இருந்தாலும் நம்பாதீங்க, நானா இருந்தாலும் சரி. நடக்கிறவங்களுக்கு வியாதி குறைய வாய்ப்பு இருக்கு, கூடக் கொஞ்ச நாள் வாழவும் வாய்ப்பு இருக்கு. உறுதிச்சீட்டு யாரும் தரமாட்டாங்க."

வாய்ப்பு போதும் என்று அவருக்குத் தோன்றியது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இந்தமுறை அவள் பார்வை வேறு மாதிரி இருந்தது.

இருவரும் நடந்தே திரும்பும் வழியில் அதே கட்டடம் வந்தது. வாசலில் மறுபடி வரிசை. நாலாவது மாடிக்குப் புது ஆள் வந்திருக்கிறாராம். வீட்டு மூலையில் வைத்தாலே போதும், நடந்த பலன் உடம்பில் ஏறிவிடும் என்று செருப்பு விற்கிறாராம். வரிசையில் பாதி முகங்கள் பழைய தலையணை முகங்கள்.

"சார், நீங்க வாங்கலையா?" என்றார் அதில் ஒருவர்.

"இல்லைங்க. செருப்பை மூலையில போட்டா அது துணைக்கு மூளையையும் கேக்கும்," என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார் பிழை திருத்துபவர்.

வரிசையில் இருந்தவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நடக்காத கால் சூம்பிப்போகும் என்பது மருத்துவர் சொல்லி ஊருக்கே தெரியும். யோசிக்காத தலை என்ன ஆகும் என்பதை ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது. அவரவரே யோசித்தால்தான் உண்டு.