ஐம்பது கேன் தண்ணீருக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் மேட்டு லயத்துக்கு வர இருந்த குடிதண்ணீரை வாசலோடு திருப்பி அனுப்பிய மகான் நான்தான். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கை, கால், மூக்கு எல்லாம் வைத்துச் சொல்வார்கள். (என் சம்சாரம் சொன்னால் வாலும் இருக்கும்.)

தெரணியகலையில் த்ரீவீலர் ஏறினால், பாதை எங்கே முடிகிறதோ அங்கே டிரைவர் நம்மை இறக்கிவிட்டு வந்த வழியே ஓடிவிடுவார். அங்கிருந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினால் எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு குடும்பம். தண்ணீர் மட்டும் அந்த மேட்டில் ஏறி வராது. கீழே பள்ளத்தில் ஒரு பீலி இருக்கிறது. பாறை இடுக்கில் வரும் ஊற்றை ஒரு மூங்கிலில் வாங்கி விழ விட்டிருக்கிறோம். பெண்கள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்குப் போகும் முன்னே இரண்டு நடை இறங்கி ஏறித் தூக்கி வருவார்கள். என் சம்சாரம் புஷ்பத்துக்கு அந்த மழைக்காலத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு கையில் கேன், மறு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். ஆண்கள் நாங்கள் அப்போது என்ன செய்தோம் என்று கேட்கக் கூடாது. (ரேடியோ கேட்டோம்.)

இரத்தினபுரி டவுனில் தொண்டு நிறுவனங்களுக்குக் குறைவே இல்லை. டவுனுக்கும் சேவை, சுற்றியிருக்கும் தோட்டங்களுக்கும் சேவை. ஆளுக்கொரு வேன், ஆளுக்கொரு பேனர். வந்தால் எங்களை வட்டமாக உட்காரச் சொல்வார்கள். பெரிய தாளை விரித்து, எங்கள் பிரச்சினைகளை எங்களையே எழுதச் சொல்வார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். மார்க்கர் என் பக்கம் வந்தால் ஒரு கோழி வரைந்து அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன். கைகழுவுவது எப்படி என்று மட்டும் எங்களுக்கு மூன்று தடவை பயிற்சி நடந்திருக்கிறது. தண்ணீரே இல்லாமல் கைகழுவுவதில் எங்களை மிஞ்ச இந்த மாகாணத்தில் ஆளில்லை.

அப்படி வந்ததில் ஒரு நிறுவனம் உண்மையாகவே குழாய் போட்டுத் தருகிறோம் என்றது. ஊற்றிலிருந்து பம்ப், லயத்துக்குப் பின்னால் டாங்கி, வாசலில் குழாய். ஆனால் ஒரு லயத்துக்குத்தான் பண வசதி. எங்கள் மேட்டு லயமா, கீழ்ப்பிரிவு லயமா என்று நேரில் பார்த்து, யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவர்களுக்குக் கொடுப்பார்களாம். அதற்கு முன் ஒரு சங்கம் அமைத்து, ஒரு தலைவரைத் தெரிவு செய்ய வேண்டுமாம். தலைவர் என்றால் பேச வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு வீடும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தது. பெருமையில் எழுந்து நின்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துக்குத் தொரை, அதாவது பெரிய மேனேஜர், பார்வையிட வருகிறார் என்றால் நாங்கள் பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். தண்ணீர் வடியும் கானை வெட்டிவிடுவோம். நொண்டி நாயைக் கூட மறைத்துவிடுவோம். குறை எதுவும் கண்ணில் படக் கூடாது. பட்டால் திட்டு எங்களுக்குத்தான். ஐயா கேட்டால், "எல்லாம் நல்லா இருக்குங்க." பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம் இது. வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு ஃபைலும் யார் கொண்டுவந்தாலும் எங்களுக்கு அவர் தொரைதான்.

எனவே சங்கத்தின் முதல் கூட்டத்தில் தலைவர் நான் உத்தரவு போட்டேன்.

"வர்றவங்க இந்த மேட்டுல ஏறி வேர்த்து விறுவிறுத்து வருவாங்க. கைகால் கழுவத் தண்ணி வேணும். வாளியில மொண்டு ஊத்தினா மரியாதையா இருக்காது. கோயில் டாங்கிய எடுத்து பாறை மேல வைப்போம். ஒரு குழாயும் மாட்டுவோம்."

திருவிழா அன்னதானத்துக்காகக் கோயிலில் ஐந்நூறு லிட்டர் கறுப்பு டாங்கி ஒன்று இருந்தது.

புஷ்பம் கேட்டாள். "நமக்குத் தண்ணி இல்லன்னு காட்டத்தானே அவங்களக் கூப்பிட்டிருக்கோம்?"

"இல்லன்னு வாயால சொல்லுவோம். அதுக்காக வந்த விருந்தாளியக் காஞ்ச கையோட அனுப்புறதா?"

"டாங்கிய யாரு ரொப்புறது?"

"சங்கம்," என்றேன்.

சங்கம் என்றால் பெண்கள் என்று அன்றுதான் எனக்கும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளில் பத்துப் பெண்கள் ஆளுக்கு ஐந்து நடை. ஐம்பது கேன். நான் பாறை மேல் நின்று எண்ணினேன். புஷ்பம் ஐந்தாவது நடை வந்தபோது என்னைப் பார்த்த பார்வையில் டாங்கியே கொதித்திருக்க வேண்டும்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து மிஸ். கொஞ்சம் கண்டிப்பான முகம், கையில் ஃபைல். இன்னொருவர் சிங்களத்து சேர், கழுத்தில் கேமரா. வழியில் அட்டை இரண்டு பேரையும் விருந்தாகச் சாப்பிட்டிருந்தது. சேரின் வெள்ளைக் காலுறை சிவப்பாக இருந்தது. மாலை போட்டோம், பொட்டு வைத்தோம். சேருக்கு மாலை எதுவும் வேண்டாம், தண்ணீர்தான் வேண்டும். ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன்.

தண்ணீர் என்னவோ அருவி மாதிரி வந்தது. சேர் காலைக் கழுவினார். முகத்தைக் கழுவினார். அப்புறம் குனிந்து தலையையே நீட்டிவிட்டார்.

"ஷா, தண்ணி ஹரி குளிர் நே," என்றார் பாதிச் சிங்களத்தில், தலை சொட்டச் சொட்ட.

"ஊத்துத் தண்ணிங்க சேர். மருந்து மாதிரி."

"இந்த டாங்கி யார் வச்சது?"

"நாங்களே வச்சதுங்க," என்றேன். மார்பு தானாக முன்னால் வந்தது.

மிஸ் ஃபைலைத் திறந்தார். "அப்ப தண்ணிப் பிரச்சினை எப்பிடி? ஏதும் குறை இருக்கோ?"

இதுதான் நேரம். இதற்காகத்தான் தலைவரானேன். பீலி, பள்ளம், முழங்கால் எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. சேரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். ஃபைலைப் பார்த்தேன். வாய் திறந்தது.

"ஒரு கொறையும் இல்லீங்க மிஸ். எல்லாம் நல்லா இருக்கு."

எனக்குப் பின்னால் பத்துப் பெண்கள் ஒன்றாக மூச்சை இழுத்தது கேட்டது. சமாளிக்கப் பார்த்தேன். "ஆனா தண்ணிக்குக் கஷ்டந்தான் மிஸ்," என்றேன். அந்த நேரம் பார்த்து சேர் இரண்டாவது தடவை தலையைக் கழுவிக்கொண்டிருந்தார். டாங்கி அங்கேயே காலியாகியிருந்தால்கூடத் தப்பியிருப்போம். எங்கள் பெண்கள் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்பவர்கள் அல்ல. சேர் என்னைக் குழாய் மேல் கை வைத்து நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

கீழ்ப்பிரிவில் என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. அங்கே மாலையும் இல்லை, மண்ணும் இல்லை. சேர் குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். அங்கிருந்த தலைவர் செல்லையா, "போய் எடுத்துட்டு வரணும் சேர், முக்கா மணி நேரம் ஆகும், உக்காருங்க," என்று வெயிலில் ஒரு கல்லைக் காட்டினாராம். குழாய் செல்லையாவுக்குப் போய்விட்டது.

செய்தி வந்த மறுநாள் காலையில் புஷ்பம் கேனை என் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தாள். "ஒரு கொறையும் இல்லாத தலைவரே, எந்திரிச்சுப் போயி தண்ணி கொண்டாங்க."

போனேன். ஒரு கேன் பத்து லிட்டர். முதல் வளைவில் அது இருபதானது. இரண்டாவது வளைவில் எனக்கு எங்கள் குலதெய்வத்தின் முகம் தெரிந்தது. மேலே வந்து சேர்ந்தபோது கேனில் பாதிதான் இருந்தது, மீதியை நான் அணிந்திருந்தேன். பெண்கள் இதை வருடக்கணக்கில் செய்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தோளுக்குத் தெரிந்தது அன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து இரத்தினபுரியிலிருந்து ஃபோன். நிறுவனத்தின் ஆண்டு விழாவாம், எல்லாச் சங்கமும் வருகிறதாம், நாங்களும் ஐந்து பேர் கட்டாயம் வர வேண்டுமாம். மனசு மாறி எங்களுக்கும் குழாய் தரப்போகிறார்கள் என்றே நம்பினேன். கல்யாணச் சட்டையைப் போட்டேன். (பொத்தான் இரண்டு பூட்டவில்லை. வயிறு ஒத்துழைக்கவில்லை.) புஷ்பமும் மூன்று பெண்களும் கூட வந்தார்கள். இரண்டு பஸ் மாறி மண்டபத்துக்குள் நுழைந்தால், மேடைக்குப் பக்கத்தில் கதவு அளவுக்கு என் படம். குழாய் மேல் கை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"டாங்கியவிட பல்லு பெருசா விழுந்திருக்கு," என்றாள் புஷ்பம்.

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வெளி உதவி எதுவும் இல்லாமல், சொந்த முயற்சியில் தண்ணீர் கொண்டுவந்த முன்மாதிரி லயம் எங்களுடையதாம். அதற்குச் சான்றிதழ். மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டலோடு வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு இனி எந்தக் காலத்திலும் குழாய் வராது. அது எனக்கே விளங்கியது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி சேர் மைக்கை நீட்டினார். கீழே பார்த்தேன். புஷ்பம் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கங்க," என்றேன். "இந்தப் படத்துல இருக்கிற தண்ணி அன்னிக்கு சாயங்காலமே முடிஞ்சிருச்சு. அது கோயில் டாங்கி. எங்க பொம்பளைங்க அம்பது கேன் தூக்கி ரொப்புனாங்க, சேர் தலை கழுவுறதுக்கு."

கடைசி வரிசையில் செல்லையா மட்டும் சத்தமாகச் சிரித்தார்.

மிஸ் எழுந்து நின்றார். "ஐயா, நான் கேட்டனான் தானே? நீங்கள்தானே ஒரு குறையும் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"ஆமா மிஸ், சொன்னேன். ஃபைலோட யாரு வந்து கேட்டாலும் எங்க வாய் அதத்தான் சொல்லும். அது பழகின வாய். நீங்க என் வாயக் கேட்டீங்க, அந்தா உக்காந்திருக்காளே என் சம்சாரம், அவ முழங்காலக் கேட்டிருக்கணும். டாங்கிக்குத் தண்ணி எந்தப் பைப்புல வருதுன்னு பின்னால போய் ஒரு எட்டுப் பாத்திருக்கணும். அடுத்த தடவ சொல்லாம வாங்க. விடியக்காலம் வாங்க."

சேர் என் கையிலிருந்த சான்றிதழை மெல்ல வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை. "இது இருக்கட்டும் சேர். அம்பது கேன் தூக்கினது பொய்யில்ல." அதை அந்தப் பெண்களிடம் கொடுத்துவிட்டு, விருந்துச் சாப்பாட்டையும் முழுதாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். அவமானத்துக்கும் பிரியாணிக்கும் சம்பந்தமில்லை.

மிஸ் சொல்லாமல்தான் வந்தார். ஒரு காலை, பெண்கள் பள்ளத்தில் நிற்கும்போது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாராம். புஷ்பம் வணக்கம் சொல்லவில்லை, மாலையும் தேடவில்லை. ஒரு கேனை நீட்டினாள். மிஸ் இரண்டாவது வளைவு வரைக்கும் தூக்கினார். அங்கே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இதை ஒவ்வொரு நாளும் செய்யிறனீங்களோ?"

"இல்ல மிஸ். ஒவ்வொரு நாளும் ரெண்டு தடவ."

அடுத்த வருடம் குழாய் வந்தது. லயத்துக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள். இரண்டு கேட்டு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். சண்டை போடுவது நானில்லை. குழாய் திறந்த அன்றே சங்கம் கூடி என்னை இறக்கிவிட்டு, புஷ்பத்தைத் தலைவராக்கியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவன் நான் ஒருவன்தான், அதையும் இன்றுவரை மாற்றிச் சொல்லவில்லை.

இப்போது கீழே பாதையில் எந்த நிறுவனத்தின் வேன் ஹார்ன் அடித்தாலும், என் மகள் முதலில் வாசலைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறாள். "அம்மா, வேன் வருது. அப்பாவ உள்ள போடு." பேரப்பிள்ளைகள் வரை இதே பாட்டு. புஷ்பம் ஒரு கோப்பை பிளேன்டீயைக் கையில் கொடுத்து என்னைக் காம்பராவுக்குள் தள்ளி, வெளியே கொண்டி போடுகிறாள்.

போகிறேன். ஆனால் காம்பராவுக்கு ஜன்னல் ஒன்று இருக்கிறது. போன வாரம் வந்தவர்களுக்கு அதன் வழியாகக் கையை ஆட்டி, கூரை ஒழுகும் இடம் எதுவென்று காட்டிவிட்டேன்.