தெரியவில்லை என்று எழுதியவர்

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மூவேலி நாடு என்று ஒன்று இருந்தது. எந்தக் காலத்தில், எந்தப் பக்கம் என்றெல்லாம் தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

அந்த நாட்டில் மூன்று வருடமாக மழை இல்லை. குளங்களைத் தூர்வாரித் தாருங்கள் என்று மக்கள் அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள். மாமன்னர் ஒரு மாதம் யோசித்தார். யோசித்து, நாட்டுக்கு ஒரு பெயரகராதி வேண்டும் என்று முடிவு செய்தார். ஒவ்வொரு குடிமகனின் பெயரும் எந்தச் சொல்லில் பிறந்தது, அதற்கு என்ன பொருள் என்று அதில் இருக்க வேண்டும். தன் பெயருக்குப் பொருள் தெரியாதவன்தான் தண்ணீர், தண்ணீர் என்று அலைவான் என்று அவையில் விளக்கமும் சொன்னார். அவை எழுந்து நின்று கைதட்டியது.

வேலை மாசிலாமணிப் புலவரின் தலையில் விழுந்தது. நல்ல மனிதர். ஒரு பெயருக்கு வேர் தேடி நாற்பது சுவடிகளைப் புரட்டுவார். சுவடியில் இல்லாத ஒரு எழுத்தைக்கூடத் தன் கையால் சேர்க்க மாட்டார். கிடைக்காத இடத்தில் ‘வேர் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். மற்ற புலவர்கள் இப்படி மாட்டிக்கொண்டால் வாய்க்கு வந்ததை அடித்துவிடுவார்கள். தனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பதில் மாசிலாமணிக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆறு வருடத்தில் அகராதி முடிந்தது. பதினோராயிரம் பெயர்கள். அவற்றில் அறுநூறு பெயர்களுக்கு எதிரே அந்த இரண்டே வார்த்தைகள். அந்த அறுநூறில் அவருடைய மனைவியின் பெயரும் ஒன்று. அவள் கடற்கரை உப்பளத்துக் குடும்பத்துப் பெண். பெயர் ஞேலி. எந்தச் சுவடியிலும் அது இல்லை. மனைவி என்பதற்காகச் சலுகை காட்டாமல் அதையும் நேர்மையாகவே எழுதினார்.

அகராதிக்கு அரக்கு முத்திரை வைத்த அன்றே தலைமை அமைச்சர் பெருங்கோவனார் ஓர் ஆணை வாசித்தார்.

“வேர் தெரியாத பெயர் இந்நாட்டுப் பெயர் அன்று. அப்பெயரைத் தாங்கியோர் பொதுக்கிணற்றில் நீர் எடுத்தல் ஆகாது.”

கிணற்றில் கூட்டம் குறைந்தது என்று ஊரில் பாதிப்பேருக்குச் சந்தோஷம்தான். அடுத்த ஆணையில், அவர்கள் ஊர்ச்சபைத் தேர்தலில் ஓலை போடக் கூடாது என்று வந்தது. அதற்கும் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஆணை, ஒரு மாதத்துக்குள் அவர்கள் ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும் என்றது. உப்பளத்து ஆட்களில் பெரும்பாலானோருக்கு அப்படிப்பட்ட பெயர்கள்தான். அவர்கள் மூட்டை கட்டத் தொடங்கியதுமே சந்தையில் உப்பைக் காணோம். உப்பில்லாத கஞ்சியை நாட்டுப்பற்றோடு குடிக்கும்படி நான்காவது ஆணை வந்தது. குடித்தார்கள்.

மாசிலாமணி பதறிக்கொண்டு அமைச்சரிடம் ஓடினார்.

“ஐயா, தெரியவில்லை என்றால் எனக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். வேரே இல்லை என்று நான் எழுதவில்லையே!”

அமைச்சர் அவரைக் கனிவோடு பார்த்தார். “புலவரே, உமக்குத் தெரியாத ஒன்று இந்நாட்டில் எப்படி இருக்க முடியும்? உமது புலமையை நீரே குறைத்துப் பேசுவதை அரசு அனுமதிக்காது.”

ஞேலியை விசாரணைக்கு அழைத்தார்கள். மாசிலாமணி கூடவே போய் ஓரமாக நின்றார். விசாரணை அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்.

“உன் பெயருக்குப் பொருள் உண்டா?”

“ஏன் இல்லாம? பாத்தியில தண்ணி காஞ்சுட்டே வர்றப்ப, பாலாடை மாதிரி மேலாப்புல மெல்லிசா ஒரு ஏடு படியும். அதுதான் ஞேலி. அது படிஞ்சாதான் உப்பு விளையப்போவுதுன்னு அர்த்தம். எங்க சனத்துல நல்ல விளைச்சல் வருசத்துல பொறக்குற பொண்ணுக்கு இந்தப் பேர வைப்பாங்க.”

மாசிலாமணி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“எந்தச் சுவடியில் இருக்கிறது?” என்றார் அதிகாரி.

“சுவடியில இல்லீங்க. உப்பளத்துல வந்து பாருங்க, இருக்கும்.”

“அகராதி முத்திரையிடப்பட்டுவிட்டது. மாமன்னரின் ஆணை இன்றி அதைத் திறக்க இயலாது. அடுத்தவர் வரலாம்.”

வீட்டுக்கு வரும் வழியில் அவர் பொறுக்க முடியாமல் கேட்டார். “இருபத்திரண்டு வருஷத்துல இத எங்கிட்ட நீ ஒரு தடவைகூடச் சொல்லலையே, ஞேலி?”

“நீங்க கேக்கலையே.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “ஆறு வருஷமா பேர் பேரா எழுதுனீங்க. சோறு போட்டுட்டுப் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். ஊர்ல உள்ள சுவடியெல்லாம் கேட்டு வாங்கிட்டு வந்தீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

தனக்குத் தெரியாது என்பதை அத்தனை நேர்மையாக எழுதிய மனிதர், தெரிந்தவள் ஒருத்தி வீட்டிலேயே இருக்கக்கூடும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

படகுத்துறையில் ஞேலி துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நாட்டில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ‘போயிட்டு வர்றேன்’ என்றுதான் சொல்வார்கள். வேறு மாதிரி சொல்வது வழக்கமே இல்லை. ஞேலி ‘போறேன்’ என்றாள். படகு நகர்ந்துவிட்டது. தானும் ஏறியிருக்கலாம் என்பது அது அக்கரை சேர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இரண்டு மாதம் கழிந்தது. வண்ணார்துறையில் யாரோ ஒருவர், மாமன்னரின் பெயருக்கு என்ன வேர் என்று சும்மா கேட்டுவைத்தார். கேட்டவரைப் பிடித்து உள்ளே போட்டாகிவிட்டது. கேள்வியைப் பிடிக்க முடியவில்லை. அமைச்சர் புலவருக்கு ஆளனுப்பினார். மாமன்னரின் ஆணைப்படி முத்திரை உடைக்கப்பட்டது. மாமன்னரின் குலப்பெயர் ஞைந்தர். ஞகர வரிசையில் மொத்தமே நான்கு பெயர்கள், ஒரே பக்கம். அதில் நான்காவதாக, மாசிலாமணியின் அழகான கையெழுத்தில்: ‘ஞைந்தர் – வேர் தெரியவில்லை.’

மாசிலாமணிக்கு வியர்த்துவிட்டது. அமைச்சருக்கு வியர்க்கவில்லை.

“அஞ்ச வேண்டாம், புலவரே. மண்ணில் வேர் தெரியாத பெயர் என்றால் அது விண்ணில் வைத்த பெயர். ‘தேவர் இட்ட பெயர்’ என்று எழுதும்.”

அந்த வரிக்கு நேர் மேலே ஞேலி இருந்தாள். அதே இரண்டு வார்த்தைகள். அதற்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை வெற்றிடம். எழுத்தாணி அவர் கையில்தான் இருந்தது. இப்போது பொருளும் தெரியும். ஒரே ஒரு வரி எழுதினால் நாளைக் காலை அக்கரைக்குப் படகு போகும்.

அவர் ‘தேவர் இட்ட பெயர்’ என்று மட்டும் எழுதினார்.

அமைச்சர் அரக்கை உருக்கிக்கொண்டே சொன்னார்: “இது தெளிவுரை. திருத்தம் அன்று. திருத்தம் என்றால் அகராதியில் பிழை இருந்ததாக ஆகிவிடும். பிழை இருந்தால், பிழை செய்தவர் யார் என்ற கேள்வி எழும்.” பிறகு, அவை மரபு என்பதால், பதிவேட்டில் குறிப்பதற்காகக் கேட்டார்: “வேறு ஏதேனும் திருத்தம் உண்டா, புலவரே?”

மாசிலாமணி அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தார்.

“இல்லை, ஐயா” என்றார்.