வெயில் பாறையில் மூன்று கிலோவாட்

ஒரு காட்டில், கரண்ட் வந்து எத்தனையோ நாளாகியும் கரண்ட் பில்லைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் ஓர் உடும்பு வாழ்ந்து வந்தான். பெயர் வைரவன். மனைவி பெயர் உமையாள். வீட்டில் ஒரு பல்பு, ஒரு ஃபேன், ஒரு செல்போன் சார்ஜர், அவ்வளவுதான் கரண்டில் ஓடின. புருஷனும் பெண்டாட்டியும் வெயிலில் ஓடினார்கள். விடிந்ததும் வளைக்கு மேலே இருந்த பாறையில் இருவரும் ஒட்டிப் படுத்துக்கொள்வார்கள். உடம்பு சூடேறினால்தான் உடும்புக்குக் கைகால் வேலை செய்யும், இரை தேடப் போக முடியும். சூடேறும் வரை ஊர்க்கதை பேசுவார்கள். அன்றாடம் வைரவனுக்கு ரொம்பப் பிடித்த நேரம் அதுதான்.

இப்படி இருந்தவனுக்கு சோலார் ஆசை எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? எதிர்மேட்டு மயில் வீட்டில் போட்டார்கள். வந்துவிட்டது.

ஆனால் வைரவன் பார்த்ததும் வாங்குகிற ரகம் இல்லை. "நான் ஒண்ணும் அறிவாளி கிடையாது. ஆனா நல்லா விசாரிச்சுட்டுத்தான் ஏமாறுவேன்" என்று அவனே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வான். செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். எந்தப் பேனல் நல்லது, லித்தியம் பேட்டரியா சாதா பேட்டரியா, தாங்குகிற கம்பி துருப்பிடிக்குமா, பிடிக்காதா. உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டான். பாறையில் படுத்தாலும் இன்வெர்ட்டர் பேச்சுதான். உமையாள் பாதியிலேயே தூங்கிப் போவாள்.

கடைசியில் சோலார் கம்பெனிக்காரன் ஜெயசீலன் அளக்கிற டேப்போடு வந்து சேர்ந்தான். அவன் ஒரு கீரி.

"அண்ணே, மாசம் கரண்டுக்கு எவ்ளோ கட்டுறீங்க?"

"ஒண்ணும் கட்டறதில்லை தம்பி. இலவச யூனிட்டுக்குள்ளயே முடிஞ்சிரும்."

ஜெயசீலன் முகம் சுருங்கியது. "அப்ப போட்ட முதல் எப்போ திரும்ப வரும்னு எப்படிண்ணே சொல்றது? மிச்சம் பிடிக்க ஏதாவது செலவு இருக்கணும்ல?"

வைரவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வயதாகியும் மிச்சம் பிடிக்க ஒரு செலவுகூட இல்லாமல் என்ன பிழைப்பு பிழைத்திருக்கிறோம் என்று நொந்துகொண்டான்.

"கவலைப்படாதீங்க. மூணு கிலோவாட் போட்டுருவோம். செலவு தன்னால வரும்" என்றான் ஜெயசீலன்.

"லைன் கரண்ட் போனா சோலாரும் நின்னுரும்னு சொல்றாங்களே?" வைரவன் தான் படித்ததை எடுத்துவிட்டான்.

"லைனோட சேர்த்து மாட்டினா அப்படித்தான். நீங்க பேட்டரி வச்சுத் தனியா போட்டுக்கோங்க. மானியம் வராது, விலையும் கூட. ஆனா விவரம் தெரிஞ்சவங்க அதைத்தான் போடுறாங்க."

விவரம் தெரிஞ்சவங்க என்ற ஒரு வார்த்தையில் ஆள் விழுந்துவிட்டான். தவணைக்குக் கையெழுத்தும் போட்டான்.

பிறகு இடம் தேடினார்கள். காடு முழுக்க மரநிழல். நிழலே விழாமல் தெற்கு பார்த்து இருந்தது ஒரே ஓர் இடம்.

"இந்தப் பாறை கச்சிதம்ணே" என்றான் ஜெயசீலன்.

உமையாள் வளையிலிருந்து தலையை நீட்டினாள். "ஏங்க, அப்புறம் நாம எங்க காயுறது?"

வைரவன் கொட்டேஷனை மேலும் கீழும் பார்த்தான். பேனல் இருந்தது, வயர் இருந்தது, கூலி இருந்தது. காயுற பாறை எந்த வரியிலும் இல்லை. "அதுக்கு ஒண்ணும் விலை போடலையே உமையா" என்றான்.

மாட்டி முடித்த மறுநாள் காலை வைரவன் வழக்கம்போல் பாறைக்குப் போய்ப் படுத்தான். தலைக்கு மேலே பேனல் பளபளத்தது. கீழே ஒரே குளிர். வெயில் உச்சிக்கு வந்தும் அவனுக்கு வால்கூட அசையவில்லை. பசி வேறு வயிற்றைக் கிள்ளியது. சாயங்காலம் ஜெயசீலனுக்குப் போன் போட்டான்.

"நான் சொன்னேன்ல, செலவு வரும்னு" என்றான் ஜெயசீலன் சந்தோஷமாக. மறுநாளே ஒரு ரூம் ஹீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தான்.

வளைக்குள் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து வைரவன் சூடேற்றிக்கொண்டான். பேட்டரி காலியாவதைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. "பாரு உமையா, இப்பத்தான் சோலாருக்கு வேலையே வந்திருக்கு. முதல் சீக்கிரமே திரும்பிரும்" என்றான். திரும்பிப் பார்த்தான். வளையில் அவள் இல்லை.

அவள் மேலே, பேனல் மேல் படுத்திருந்தாள். உடம்பு சூடேறி, இரை தேடிப் போய், அவனுக்கும் முட்டை கொண்டு வந்தாள். இப்படியே தினமும் நடந்தது. அவள் படுத்த நிழலில் பேட்டரி சரியாக ஏறவில்லை. ஒரு நாள் காலை இன்வெர்ட்டர் கீச்சென்று கத்த, ஹீட்டர் நின்றது.

வைரவன் தட்டுத்தடுமாறி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். "உமையா, இறங்கு. யூனிட் குறையுது. நகம் பட்டா வாரண்டியும் போயிரும்."

"நீங்க ஏறி வாங்க. தனியாப் படுத்துக்கிட்டு யாரோட பேசுறது?"

அதைக் கேட்டதும் அவனுக்கு என்னவோ செய்தது. அவளோடு பேசி எத்தனை நாளாயிற்று. ஹீட்டர் சூடு கொடுத்தது வாஸ்தவம்தான், மயில் வீட்டுச் சண்டையைப் பற்றி அதனிடம் பேச முடியுமா? தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு, விறைத்த காலை இழுத்து இழுத்து ஏறினான். நகம் பட்டுக் கண்ணாடியில் கோடு விழுந்தது. விழட்டும் என்று விட்டான். மேலே போய் அவளை ஒட்டிப் படுத்தான். பேனல் பாறையைவிட நன்றாகவே சுட்டது. கீழே இன்வெர்ட்டர் உற்பத்தி பூஜ்யம் என்று காட்டியது.

குளத்தங்கரைக் கல்லில் காய்ந்துகொண்டிருந்த அம்மாசி ஆமை இதைப் பார்த்துவிட்டு மெல்ல நடந்து வந்தது.

"வைரவா, சோலார் எப்படிப்பா?"

வைரவன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் இத்தனை நாளில் அவனிடம் யோசனை கேட்டு யாரும் வந்ததில்லை.

"அருமைங்க. ஒட்டிப் படுத்தா ரெண்டு பேருக்குத் தாராளம்."

"எனக்கு எத்தனை கிலோவாட் வேணும்?"

"தனி ஆளுக்கு ஒண்ணு போதும். அவசரப்பட்டு வாங்கிராதீங்க, நல்லா விசாரிங்க. ஜெயசீலன் நம்பர் தர்றேன்."

நீதி: ஓசியில் கிடைப்பதன் அருமை தெரிய வேண்டுமானால், அதன்மேல் தவணைக்கு ஒரு கூரை போட்டு, அந்தக் கூரைமேல் ஏறிப் படுக்க வேண்டும். படுத்தபடியே அடுத்தவருக்கும் சிபாரிசு செய்தால் வெட்கம் பாதியாகக் குறையும்.